சீம்பாலைக் கொட்டாதீங்க: ஒரு சின்ன வரலாறு

1/ ராயபுரமோ எண்ணூரோ, சில வீடுகள்ல இன்னும் சொல்றாங்க: "முதல் பாலைப் பீச்சிக் கொட்டு, சர்க்கரைத் தண்ணி வை." கொட்டுறது என்னன்னு தெரியுமா?

2/ 1900 வாக்கில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிஸ்ஸியர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் பிஃபிடோபாக்டீரியா நிறைஞ்சிருப்பதைக் கண்டார். ஆனா பாலில் கிருமியே இல்லைன்னுதான் ரொம்ப காலம் நம்பினாங்க.

3/ 2003ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் தாய்ப்பாலிலிருந்தே லாக்டோபேசிலஸைப் பிரிச்செடுத்தாங்க. பாலில் இருக்கும் சிலவகைச் சர்க்கரையைக் குழந்தையால செரிக்க முடியாது. அது நல்ல பாக்டீரியாவுக்கான தீனி!

4/ 2017ல் வெளியான ஒடிசா ஆய்வில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள். பாதிப் பேருக்குத் தாய்ப்பாலோடு லாக்டோபேசிலஸ் பிளான்டாரமும் அதன் தீனியும் 7 நாள். ரத்தத்தொற்றும் மரணமும் சேர்ந்து 40% குறைஞ்சது.

5/ அதுக்காக நீங்களே கடையில புரோபயாடிக் வாங்கிக் கொடுக்காதீங்க. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால், ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும். செலவே இல்ல.