ஒயிட் மஸ்க் பிறந்த கதை

இமயமலைச் சரிவுகளில் திரிந்தது கொம்பில்லாத அந்தச் சிறிய மான். ஆண் மானின் வயிற்றடியில், தொப்புளை ஒட்டி ஒரு பை இருந்தது. அதில் ஊறிய செம்பழுப்புப் பொருளை நேராக முகர்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் துளி எடுத்துக் கரைத்தபோது உடம்புச் சூட்டோடு சேர்ந்து அது மயக்கியது. அதுதான் கஸ்தூரி. எளிதில் ஆவியாகாத அந்தப் பொருள், உடன் கலந்த பூ வாசனைகளையும் பறந்துபோகாமல் பிடித்துவைத்தது. அத்தர் கலப்பவர்கள் அதைப் பொன்னாக மதித்ததற்கு அதுவே காரணம். ஒரு பையில் கிடைத்ததோ ஏறக்குறைய 25 கிராம். ஒரு கிலோவுக்கு 40 ஆண் மான்கள்! பொறியில் பெட்டையும் குட்டியும்கூடச் சிக்கி மாண்டன. இதற்கொரு மாற்று வந்தது, வாசனையைத் தேடியே போகாத ஒருவரிடமிருந்து.

1888. ஜெர்மன் வேதியியலாளர் ஆல்பர்ட் பௌர் தேடியது புதிய வெடிமருந்து. டொலுயீனோடு ஒரு கார்பன் கிளையை ஒட்டி, நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்தார். வந்த படிகங்கள் வெடிமருந்தாகத் தேறவில்லை. ஆனால் கஸ்தூரியாக மணத்தன! வேறொருவர் என்றால் கொட்டிக் கழுவியிருப்பார். பௌர் அதை மணப்பொருளாக்கிக் காப்புரிமை வாங்கினார். மலிவான இந்தக் கஸ்தூரி சோப்புகளிலும் சென்ட்டுகளிலும் புகுந்தது. மானின் பைக்குள் இருந்த மணம் உண்மையில் எதனால் ஆனது என்பது மட்டும் புதிராகவே இருந்தது.

1906இல் வால்பாம் என்ற வேதியியலாளர் மானின் மணப்பொருளைப் பிரித்தெடுத்து மஸ்கோன் என்று பெயரிட்டார். 1926இல் இன்னொரு வேதியியலாளர் லியோபோல்ட் ருஸிச்கா அதன் வடிவத்தைக் கண்டறிந்தார். 15 கார்பன் அணுக்கள் கோத்த பெரிய வளையம்! அவ்வளவு பெரிய வளையம் நிலைக்காது என்றே வேதியியல் அதுவரை நம்பியிருந்தது. 1939இன் நோபல் பரிசு அவரையும் தேடி வந்தது. ஆனால் அவ்வகை வளையங்களைச் செய்ய ஆன செலவு அதிகம். பௌரின் மலிவுச் சரக்கே சந்தையை ஆண்டது, அதன் கெடுதல் வெளிப்படும்வரை.

1960களில், பௌரின் கஸ்தூரியில் இருந்த நைட்ரோ தொகுதி இல்லாத கேலக்ஸோலைடு என்ற செயற்கைக் கஸ்தூரி வந்தது. சோப்புத்தூளின் காரத்தைத் தாங்கியது. அலசிய பிறகும் நூலைவிட்டுப் போகவில்லை. 1981இல் டோக்கியோவின் தாமா ஆற்று மீன்களில் பௌர் வழிவந்த கஸ்தூரிகள் தென்பட்டன. பின்னர் தாய்ப்பாலிலும்! அதே 1981இல்தான் பாடி ஷாப் நிறுவனம் மான் இல்லாத கஸ்தூரியை ஒரு குப்பியில் அடைத்து விற்றது. பெயர், ஒயிட் மஸ்க்.

வாசனைப் பொருள்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே. கொடியில் காயும் சலவைத் துணியின் அந்தச் சுத்தமான மணம் பெரும்பாலும் இந்தச் செயற்கைக் கஸ்தூரிக் குடும்பத்தினுடையதுதான். குறை இல்லாததல்ல, கேலக்ஸோலைடும் ஆறுகளில் சேர்கிறது. ருஸிச்காவின் பாதையில் வந்த பெரிய வளையங்களே இன்று மேலான மாற்று. மான்களுக்கோ இன்னும் விடிவு வரவில்லை. ஆய்வகக் கஸ்தூரி இவ்வளவு மலிந்த பிறகும், அந்தப் பைக்காகக் கள்ள வேட்டை தொடர்கிறது.