கூர்க்கா (ஃபோர்ஸ் மோட்டார்ஸ்)

கல்வராயன் மலை போன்ற கரடுமுரடான நிலத்துக்கென்றே அமைந்த நான்கு சக்கர இயக்க வண்டி. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபோர்ஸ் மோட்டார்ஸின் (2005 வரை பஜாஜ் டெம்போ) தயாரிப்பு. முன், பின் அச்சுகள் இரண்டிலும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. ஒரு சக்கரம் பிடிமானமின்றி அந்தரத்தில் சுழன்றாலும் அதே அச்சின் மறு சக்கரம் வண்டியை இழுத்துவிடும். மலைப்பாதையில் இதுவே உயிர்நாடி. இதே விலைத்தர வண்டிகளில் இது அரிதும்கூட. ஆயினும் வாங்குவோரில் பெரும்பாலோர் மகிந்திராவின் தார் வண்டியையே நாடினர். 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி வந்ததும் விற்பனையில் இடைவெளி விழுந்தது. 2021இல் வண்டி புதிய வடிவில் மீண்டும் வந்தது. 2024இல் ஐந்து கதவு வகை வந்தது. நிறுவனத்தைத் தாங்குபவை டிராவலர் வேன்களும், சென்னை அருகே பிஎம்டபிள்யூவுக்கு எஞ்சின்களைப் பூட்டித்தருவது போன்ற பிற தொழில்களுமே. கூர்க்காவை மட்டும் நம்பி இந்நிறுவனம் பிழைத்திருக்க முடியாது.