அரசப் பிரதிநிதியிலிருந்து அரசிவரை: போபால் சிக்கந்தர் பேகம்

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தி (மறைவு ஹி. 450 / கி.பி. 1058) தமது ‘அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா’வில் அமைச்சுப் பொறுப்பை இரண்டாகப் பிரிக்கிறார். சொந்த ஆய்வின்படி முடிவெடுக்கும் அதிகாரம் ஒப்படைக்கப்பட்டவர் ‘தஃப்வீள்’ அமைச்சர்; பிறர் எடுத்த முடிவை நிறைவேற்றித் தருபவர் ‘தன்ஃபீத்’ அமைச்சர். அன்றாட உழைப்பில் இருவரும் ஒத்திருக்கலாம். முடிவு யாருடையது என்பதில்தான் வேறுபாடு. நிருவாகிக்கும் தலைவருக்கும் இடையிலான எல்லைக்கோடும் இதுவே என நாம் கருதுகிறோம்.

பெண்களுக்கு இவ்விரு பொறுப்புகளையும் மாவர்தி அனுமதிப்பதில்லை. ஆயினும், பெண் நீதிபதியாகலாமா என்பதில் இமாம் அபூஹனீஃபா, இப்னு ஜரீர் தபரீ ஆகியோரின் மாற்றுக் கருத்துகளையும் அதே நூலில் பதிவு செய்கிறார். நூல்களில் இவ்விவாதம் தொடர்ந்திருக்க, இந்திய மண்ணில் ஒரு முஸ்லிம் அரசு நூறாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே இருந்தது. அவர்களுள் சிக்கந்தர் பேகம் கடந்த பாதை நம் சிந்தனைக்குரியது.

காத்திருப்போரின் இருக்கை

போபால் நவாப் நஸர் முஹம்மது கான் 1818இல் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்தார். அரசு அவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது என அது உறுதியளித்தது. அடுத்த ஆண்டே ஒரு துப்பாக்கி விபத்தில் அவர் இறந்தார். எஞ்சியவர்கள் இளம் மனைவி குத்ஸிய்யா பேகமும் கைக்குழந்தை சிக்கந்தரும். குத்ஸிய்யா அரசப் பிரதிநிதியானார். ஆனால் சிக்கந்தரை மணக்கப்போகிறவரே நவாப் என்பது ஏற்பாடு. வருங்கால மருமகனுக்காக இருக்கையைக் காத்து வைப்பதே மாமியாரின் பணி!

அவ்வாறே 1837இல் சிக்கந்தரின் கணவர் ஜஹாங்கீர் முஹம்மது கான் ஆட்சிக்கு வந்தார். 1844இல் அவர் இறந்தபோது மகள் ஷாஜஹானுக்கு வயது ஆறு. பழைய ஏற்பாடே மீண்டும் வந்தது: இம்முறை ஷாஜஹானை மணப்பவருக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவரை ஆட்சியைக் கவனிக்கும் பொறுப்பும் முதலில் சிக்கந்தரின் தாய்மாமன் ஃபவ்ஜ்தார் முஹம்மது கானிடம் தரப்பட்டது. அவர் விலகிய பின்பே, 1847இல், அது சிக்கந்தரிடம் முழுமையாக வந்தது.

வேலையை அறிந்தவர்

சிக்கந்தர் பேகம் திரையை விட்டு வெளியே வந்து, நாட்டை நேரில் சுற்றிப் பார்த்தார். வரிவசூலைக் குத்தகைக்கு விடும் ‘இஜாரா’ முறையை ஒழித்தார். குத்தகைதாரர் அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு உழவரிடம் இயன்றவரை பிழிந்தெடுக்க அம்முறை இடம் தந்திருந்தது. நாட்டை மாவட்டங்களாகப் பகுத்து அதிகாரிகளை அமர்த்தினார், படையைச் சீரமைத்தார், அரசின் கடன்களைத் தீர்த்தார். அலுவலக மொழியாக இருந்த பாரசீகத்தின் இடத்தில் உருதுவை வைத்தார். ஜமாலுத்தீன் கான் என்னும் கற்றறிந்த அமைச்சர் துணை நின்றார். ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை இன்னொருவர் பெயரிலேயே நடந்தன. திறமை எவ்வளவு உயர்ந்தாலும் அவர் இன்னும் பிரதிநிதிதான்.

திறமையைக் கண்டு பிறர் தாமே பட்டம் தருவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. 1818ஆம் ஆண்டின் உடன்படிக்கையையே சான்றாக எடுத்தார். நஸர் முஹம்மதின் வழித்தோன்றல் தாமே என்றும், அவ்வுரிமை கணவருக்கும் பின்னர் மகளுக்கும் போனது முறையன்று என்றும் வாதாடினார். இதற்கிடையே 1855இல் ஷாஜஹானின் திருமணம் நடந்தபோது, கணவருக்குப் பட்டம் மட்டுமே. ஆட்சியுரிமை ஷாஜஹானுக்கே என முடிவாயிற்று. மருமகனுக்காகக் காத்திருக்கும் வழக்கம் அத்துடன் முறிந்தது. மகள் இசைந்து விலகி இளவரசியானார். 1860இல் சிக்கந்தர் தம் சொந்த உரிமையில் போபாலின் ஆட்சியாளராக ஏற்கப்பட்டார். 1868இல் இறக்கும்வரை ஆண்டார்.

அங்கீகாரத்தின் விலை

ஒன்றை நாம் மறைக்கக் கூடாது. 1857 கிளர்ச்சியில் சிஹோரிலிருந்த போபால் படைப்பிரிவே எழுந்தது. அதில் பங்கேற்ற சிப்பாய்கள் பலர் பின்னர் கொல்லப்பட்டனர். சிக்கந்தர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். மூன்றாண்டுகளில் கிடைத்த அங்கீகாரத்தில் அதற்கான கைம்மாறும் கலந்திருந்தது. நாட்டை அழிவிலிருந்து காத்தார் என்போரும் உளர். அந்நியருக்குத் துணைபோனார் என்போரும் உளர். அங்கீகரிப்பவர் யார் என்பது அங்கீகாரத்தின் தன்மையையே மாற்றிவிடுகிறது என்பது நமக்குத் தெளிவாகிறது.

ஆயினும் அந்த 1860, பின்வந்தோருக்கு வழி திறந்தது. 1868இல் ஷாஜஹான் பேகமும் 1901இல் சுல்தான் ஜஹான் பேகமும் எவருக்காகவும் காத்திருக்கும் பிரதிநிதிகளாக அன்றி, ஆட்சியாளர்களாகவே அமர்ந்தார்கள். 1920இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் வேந்தரானவர் சுல்தான் ஜஹான் பேகமே. 1926இல் அவர் தம் மகன் ஹமீதுல்லாஹ் கானுக்காக ஆட்சியைத் துறந்தார். மாமியார் மருமகனுக்காகக் காத்த இருக்கையை, மூன்று தலைமுறைக்குப் பின் ஒரு தாய் தம் சொந்த உரிமையாக மகனுக்கு அளித்தார்.

நம்மை நோக்கி ஒரு வினா

இன்று நம் சமுதாயப் பெண்கள் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றுகின்றனர். பெண்கள் அரபிக் கல்லூரிகள் சிலவற்றில் பாடம், தேர்வு, விடுதி, கணக்கு யாவற்றையும் ஓர் ஆலிமாவே கவனிக்கிறார். அக்கல்லூரியைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி இருப்பதில்லை. ‘சிறப்பாக நடத்துகிறார்’ என்ற பாராட்டு மட்டும் கிடைக்கிறது. அது 1847இன் சிக்கந்தர் பேகத்துக்கும் கிடைத்த பாராட்டே.

பாராட்டைத் தலைமையாக மாற்றுவதற்கு இவ்வரலாறு மூன்றைக் காட்டுகிறது: வேலையை அடிமட்டம்வரை அறிதல், உரிமையை ஆவணத்தோடு கேட்டல், அருகிலிருப்போர் மனமுவந்து இடம் விடுதல். முதலிரண்டும் பெண்களின் கையில் உள்ளவை. மூன்றாவது நம் கையில் உள்ளது. ஷாஜஹான் தம் தாய்க்கு விட்ட இடத்தை, நிறுவனங்களின் பொறுப்பிலிருக்கும் நாம் தகுதியுள்ள பெண்களுக்கு விடுகிறோமா? பொறுப்பை அதற்கு உரியவரிடம் ஒப்படைப்பது அமானிதம் அல்லவா?