செஞ்சி முற்றுகையும் ஆடுபுலி ஆட்டமும்: வகுப்பறை விளையாட்டில் பாடம் எங்கே இருக்கிறது?

செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1690இல் முற்றுகையிட்டது. கோட்டை அதன் கைக்கு வந்தது 1698இல். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸி நடத்திவந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது. இடையில் மலைகள் நகர்ந்துவிடவில்லை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றை இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஓடும் மதிலும் அப்படியே இருந்தது. பிறகு ஏன் ஒரு படைக்கு எட்டாண்டு, இன்னொரு படைக்கு ஓர் இரவு?

செஞ்சியை அடுத்த வல்லம் ஒன்றியத்துப் பள்ளிகளில் கேட்க இதைவிட நல்ல வரலாற்றுக் கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். கோட்டை 2025 ஜூலையில் மராத்தியப் படைத்தளங்களின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின், அதைப் பாடமாக்கும் ஆவல் கூடியிருக்கிறது. கணினி விளையாட்டாக, முப்பரிமாணக் காட்சியாக ஆக்கலாம் என்ற யோசனை அந்த ஆவலில் இயல்பாக எழக்கூடியது. அந்த யோசனையை நான் வரவேற்கிறேன். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழக்கமான காரணம் ஈர்ப்பு. பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டில் மூழ்குகிறார்கள், அந்த மூழ்கலைப் பாடத்துக்குத் திருப்பிவிடலாம் என்கிறார்கள். பீட்டர் வவுட்டர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கல்வி விளையாட்டுகள் வழக்கமான கற்பித்தலைவிட அதிகம் கற்பித்தன. கற்றது நினைவிலும் நின்றது. ஊக்கத்தில் மட்டும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. விளையாட்டோடு வேறு கற்பித்தலும் சேர்ந்தபோது, பலமுறை விளையாடியபோது, குழுவாக விளையாடியபோது பயன் இன்னும் கூடியது. எதை வாக்களித்து விளையாட்டை வகுப்புக்குள் அழைக்கிறோமோ அதைவிட, நாம் பேசாமல் விட்டதில்தான் அது உதவியிருக்கிறது. அப்படியானால் கற்பிப்பது எது?

ஹாப்குட், ஐன்ஸ்வொர்த் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஏழு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கற்பிக்க ஒரு விளையாட்டைச் செய்தார்கள். ஒரு வடிவத்தில் எதிரியின் மார்பில் ஓர் எண் இருக்கும். அதை மீதியின்றி வகுக்கும் ஆயுதத்தைத் தேர்ந்தால்தான் வீழ்த்த முடியும். இன்னொரு வடிவத்தில் சண்டை தனி, கணக்கு தனி. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வகுத்தல் வினாக்கள் வரும். கணக்கின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். ஆயினும் முதல் வடிவத்தை ஆடியவர்களே கூடுதலாகக் கற்றார்கள். விருப்பம்போல் தேர்ந்து ஆடலாம் என்று விட்டபோதும் அந்த வடிவத்தில்தான் அதிக நேரம் செலவிட்டார்கள். பாடம் விளையாட்டின் விதிக்குள் இருந்தால் கற்கிறார்கள். விளையாட்டை முடித்ததற்குக் கூலியாக வந்தால் கடந்துபோகிறார்கள்.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதம் அறம் புகட்ட எழுந்த விளையாட்டு. ஏணிக்கு ஒரு நற்குணம், பாம்புக்கு ஒரு தீக்குணம். ஆனால் ஆடுகிறவர் எதையும் தீர்மானிப்பதில்லை, உருண்டு விழும் தாயமே தீர்மானிக்கிறது. பாம்பு கடித்த பிள்ளை தன் குற்றம் எது என்று யோசிக்காது. அடுத்த உருட்டலுக்குக் கை நீட்டும். ஆடுபுலி ஆட்டத்தில் போதனை என்று ஒரு சொல்லும் எழுதியிருப்பதில்லை. புலி மூன்று, ஆடு பதினைந்து, முனைகள் இருபத்துமூன்று. புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, வழியை மட்டும் அடைக்கும். வலிமையில் குறைந்த தரப்பு எண்ணிக்கையையும் இடத்தையும் பொறுமையையும் கொண்டு வலியதை முடக்குவது எப்படி என்பதை இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கூழாங்கல்லையும் மல்லாட்டையையும் வைத்தே கற்றுக்கொள்ள முடியும். அதற்கு யாரும் விளக்கவுரை தர வேண்டியதில்லை, விதியே பாடம்.

பள்ளிக் கணினித் திரையில் இன்று 'விளையாட்டு' என்ற பெயரில் வருவனவற்றில் பெரும்பாலானவை பரமபத வகை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. அங்கே கொள்குறி வினாவுக்கு நட்சத்திரமும் கைத்தட்டல் ஒலியும் சேர்த்தால் அது விளையாட்டாகிவிடாது. நான்கு விடைகளுள் ஒன்றைச் சொடுக்குவது தீர்மானம் அன்று. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் பாவனையாக்கங்களுள் மின்சுற்று பற்றியதில் நட்சத்திரமே கிடையாது. மின்சுற்றில் மின்கலத்தைக் கூட்டினால் விளக்கு என்ன ஆகும் என்று பிள்ளை தானே மாற்றிப் பார்க்கலாம். பரிசு எதுவும் தராத அந்தத் திரை, கைத்தட்டும் திரையைவிட ஆடுபுலி ஆட்டத்துக்கு நெருக்கமானது.

இனி செஞ்சிக்கு வருவோம். கோட்டையை அழகாக வரைந்து, கல்யாண மகாலுக்குள் நடந்துபோக வைத்து, அங்கங்கே ஆண்டுகளைக் கேட்கும் ஒரு கணினி விளையாட்டைச் செய்துவிடலாம். மலை ஏற முடியாதவர்களுக்கு அது பயன்படும். ஆனால் எட்டாண்டுக்கும் ஓர் இரவுக்கும் இடையிலான வேறுபாட்டை அது சொல்லித்தராது. அதைச் சொல்லித்தர முற்றுகையே விதியாக வேண்டும்.

அதற்கான சரக்கு வரலாற்றில் நிறைய உண்டு. உள்ளே மராத்தியரின் சத்ரபதி ராஜாராம், வெளியே மொகலாயத் தளபதி சுல்பிகார்கான். கோட்டையின் சுற்றளவு பெரிது. அதை முழுக்க வளைத்து அடைக்க மொகலாயரிடம் ஆள் போதவில்லை, உள்ளிருப்பவர்களுக்குப் போக்குவரத்துக்கு வழி இருந்துகொண்டே இருந்தது. 1692 இறுதியில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் இருவரின் குதிரைப்படை முதுகுப்புறமிருந்து தாக்கியது. முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் ஆனார்கள். கூடாரத்தில் தானியம் தீர்ந்தது. மொகலாய இளவரசர் காம்பக்ஷ் எதிரியோடு பேசுகிறார் என்ற ஐயத்தில் சொந்தத் தளபதிகளே அவரைக் காவலில் வைத்தார்கள். 1693 தொடக்கத்தில் படை வந்தவாசிக்குப் பின்வாங்கிற்று. அங்கிருந்து மறுபடி வந்து கோட்டையைப் பிடிப்பதற்குள் ராஜாராம் தப்பிப் போயிருந்தார்.

இதை ஆட்டமாக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வகுப்பை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு சுற்று என்றால் ஒரு மாதம். உள்ளிருக்கும் குழு மூன்று மலைகளுக்கும் மதிலுக்கும் ஆளைப் பங்கிட வேண்டும், களஞ்சியத்திலிருந்து எவ்வளவு எடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். வெளியே உள்ள குழு மதிலைச் சூழ ஆளை நிறுத்தினால் வந்தவாசிப் பாதையைக் காக்க ஆள் இராது; பாதையைக் காத்தால் மதிலில் இடைவெளி விழும். முதலில் தாளிலும் கல்லிலும் ஆடலாம். பிறகு ஆய்வகக் கணினியில் ஒரு விரிதாளே சுற்றுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த நாள் அதே பலகையில் 1750: திறந்தவெளிச் சண்டையில் தோற்ற படை கோட்டைக்குள் ஓடுகிறது, துரத்தி வந்தவர்கள் வாயிலை வெடிவைத்துத் திறக்கிறார்கள், ஆளைப் பங்கிடவோ களஞ்சியத்தை எண்ணவோ உள்ளிருக்கும் குழுவுக்குச் சுற்றே மிஞ்சவில்லை. கோட்டையின் வலிமை கல்லில் மட்டும் இல்லை, காக்கும் ஆளிலும் கையிலுள்ள நேரத்திலும் இருக்கிறது என்பதைத் தோற்ற குழு தானே சொல்லும்.

மறுப்புகள் உண்டு. முதலாவது பெற்றோரின் அச்சம். இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2023இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 'கேம்' என்ற சொல்லைக் கேட்டதும் பல வீடுகளில் நெஞ்சு படபடப்பதில் நியாயம் இருக்கிறது. பணமும் தனிமையும் இல்லாத, ஆசிரியர் முன்னால் குழுவாக ஆடும் ஆட்டம் வேறு என்பதை வகுப்புக்கு அழைத்து ஒருமுறை காட்டினால் போதும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. பாவனையாக்கம் எதையும் சுருக்கித்தான் ஆக வேண்டும், சுருக்கத்தில் பொய் புகும். அந்தப் பொய்யை விளையாட்டு தன் விதிக்குள் மறைத்துவைப்பதால் படிக்கும் பிள்ளை அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஆட்டம் முடிந்தபின் நடக்கும் பேச்சுக்கு ஆட்டத்தைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்கிறேன். அந்தப் பேச்சில் கேட்க வேண்டியது, யார் வென்றார்கள் என்பதன்று. பலகையில் யார் இல்லை என்பது.

மேலே நான் விவரித்த ஆட்டத்திலேயே அந்தக் குறை இருக்கிறது. இரு படைகள் இருக்கின்றன; தானியம் 'இருப்பு' என்ற ஓர் எண்ணாக இருக்கிறது. அந்த எண் சுற்றுவட்டார ஊர்களின் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல். படை போன வழியில் குதிரைக்குத் தீவனமானது யாருடைய கொல்லை, வண்டிக்குப் பிடித்துப்போனது யாருடைய மாடு என்று கேட்கும்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் ஊர்ப் பெயர்கள் தாமாக வரும். ஆகவே இரண்டாம் முறை ஆடும்போது மூன்றாவதாக ஒரு குழு வேண்டும். அதற்குப் படை கிடையாது. அதன் கையில் விதைநெல்லும் மாடும் ஓர் ஏரியும் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பும் வந்து கேட்கும். எதைக் கொடுப்பது, எதை ஒளிப்பது, எப்போது ஊரைவிட்டுப் போவது என்று அந்தக் குழு முடிவு செய்ய வேண்டும். அதற்கு எது வெற்றி என்ற விதியை வல்லத்துப் பிள்ளைகளே எழுதட்டும்.