திமிரியும் பாரியும்: உரத்த இசை தன் சுருதியைத் தாழ்த்திய வரலாறு

புத்தூரை அடுத்த நாராயணவனம், ஆகாசராசன் மகள் பத்மாவதியை வேங்கடவன் மணம் புரிந்த இடமெனத் தலபுராணம் கூறும் ஊர். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆற்காட்டிலும், 1953இல் ஆந்திர மாநிலம் பிரியும்வரை சென்னை ஆட்சிப்பரப்பிலும் இருந்த ஊர். 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. திருமணத் தலமான இவ்வூரின் கல்யாண வேங்கடேசுவரர் கோயிலில் மங்கல இசைக்கருவிக்கு இருமொழியிலும் பெயருண்டு. தெலுங்கில் அது சன்னாயி; தமிழில் நாகசுரம். உடன் முழங்குவது அங்கே டோலு, இங்கே தவில்.

இக்கருவி வீதிக்கென்றே வடிவமைந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், நான்கு மாட வீதியின் மறுமுனையில் நிற்பவருக்கும் சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று அது அறிவிக்க வேண்டியிருந்தது. பழைய நாகசுரமான திமிரி அதனால்தான் குட்டையாகவும் உச்ச சுருதியிலும் இருந்தது. உரப்பு அதன் குறையன்று, கடமை. அவ்வுரப்பை ஒருவர் தாமே குறைத்துக்கொண்டால் அதை வளர்ச்சி என்பதா, விலைபோதல் என்பதா?

இதே கேள்வி 1991இல் வேறொரு உரத்த இசையைச் சூழ்ந்தது. 1980களில் அமெரிக்காவில் உருவான திராஷ் மெட்டல், வேகத்தையும் இரைச்சலையுமே அடையாளமாகக் கொண்டது. அதன் முன்னணிக் குழுவான மெட்டாலிகா, 1988இல் ஒன்பது பாடல்களை 65 நிமிடங்களுக்கு விரித்த தொகுப்பை வெளியிட்டது. 1991 ஆகஸ்டில் வந்த அடுத்த தொகுப்பில் பாடல்கள் பன்னிரண்டு. மொத்த நேரமோ முன்னதைவிடச் சற்றுக் குறைவு. தயாரிப்பாளர் பாப் ராக் மேற்பார்வையில் வேகம் தணிந்தது. ஒரு பாடலில் கிதாரின் சுருதியும் ஒரு முழுச்சுரம் கீழிறங்கியது. தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பழைய ரசிகர் பலர் அதைத் துரோகம் என்றனர். 1996இல் அடுத்த தொகுப்பின்போது குழுவினர் நீள்முடியை வெட்டிக்கொண்டது அக்குற்றச்சாட்டுக்குச் சாட்சியாகவே கொள்ளப்பட்டது.

சுருதியைத் தாழ்த்தியவரும் முடியை வெட்டிக்கொண்டவரும் நாகசுர உலகிலும் ஒருவர் உண்டு. அவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). வாய்ப்பாட்டுப் பயிற்சியுடன் நாகசுரத்துக்கு வந்த அவர், குரலில் இயலும் கமகத்தையும் குழைவையும் கருவியில் தேடினார். திமிரியில் சுத்த மத்தியமத்தைத் துல்லியமாக நிறுத்துவது கடினம். சீவாளியின் அழுத்தத்தாலும் மூச்சின் நுட்பத்தாலுமே ஈடுகட்ட வேண்டும். நரசிங்கம்பேட்டையின் கருவிக் கலைஞர் ரங்கநாதன் ஆசாரியுடன் இணைந்து செய்த சோதனைகளின் விளைவாக 1932 அளவில் பாரி நாகசுரம் செம்மையுற்றது. ஆச்சா மரத்தின் உலவு நீண்டது. சுருதி ஏறத்தாழ இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. சுத்த மத்தியமம் தன் இடத்தில் நின்றது. அவர் பெயரோடு பிரிக்க முடியாமற்போன தோடி, சுத்த மத்தியமத்தைக் கொண்ட இராகம் என்பதை இங்கே நினைவிற்கொள்ளலாம்.

அடுத்தடுத்த மாற்றங்கள் இசைக்கு வெளியிலும் சென்றன. ஒத்துக்குப் பதிலாகத் தம்பூரா வந்தது. மணிக்கணக்கில் விரியும் ஆலாபனை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே கொண்ட இசைத்தட்டுக்குச் சுருங்கியது. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ திரைப்படத்தில் அவரே நாயகனாக நடித்தார். குடுமி போய்க் கிராப்பு வந்தது; வெற்றுடம்பில் இடுப்பில் கட்டிய துண்டு போய்ச் சட்டையும் ஷெர்வானியும் வந்தன. நின்றும் நடந்தும் வாசித்த கலைஞர் மேடையில் அமர்ந்தார்.

இரு வரலாறுகளும் இவ்விடத்தில் பிரிகின்றன. மெட்டாலிகா எந்த மேடையிலும் மேலாடையைக் களையுமாறு பணிக்கப்பட்டதில்லை. இசை வேளாளர் மரபைச் சேர்ந்த நாகசுரக் கலைஞருக்கோ, வாய்ப்பாட்டு வித்துவானுக்கு இயல்பாகக் கிடைத்த இருக்கையும் சட்டையும்கூடப் போராடிப் பெறவேண்டியவையாக இருந்தன. சபையின் மேடைக்கு ஏற்ற சுருதியை நாடியது, சபையில் சமமாக அமரும் உரிமையை நாடியதன் இசைவடிவம். ஆகவே, பெரும்பான்மை ரசனைக்காகக் கலையை மாற்றினார் என்னும் ஒற்றை வாய்பாடு ராஜரத்தினத்துக்குப் பொருந்தாது. அந்தப் பெருவெளியும் அவரை முழுமையாக ஏற்கவில்லை. சங்கீத கலாநிதி விருது கடைசிவரை அவருக்குக் கிட்டவில்லை.

எனினும், இம்மாற்றத்தை வெற்றிக் கதையாக மட்டும் எழுதுவதும் பிழை. தம்பூரா அமர்ந்த இடத்தில் முன்பு ஒத்துக் கலைஞர் ஒருவர் இருந்தார். மூச்சு அறாமல் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பது அவர் தொழில். பல குடும்பங்களில் அதுவே நாகசுரப் பயிற்சியின் முதற்படியும் ஆகும். பின்னர்ச் சுருதிப்பெட்டி வந்தபோது அவ்விடம் அறவே மறைந்தது. சுவாமி புறப்பாட்டுக்குரிய மல்லாரி, வீதியை இழந்து கச்சேரியின் தொடக்க உருப்படியாகச் சுருங்கும்போது, நடையோடும் தூரத்தோடும் அதற்கிருந்த உறவு அறுபடுகிறது. பாரி வென்ற பின்பு திமிரி பழையதாயிற்று. வீதியின் தேவையோ பழையதாகவில்லை. இன்று பல கோயில்களில் அத்தேவையை மின்விசையில் அடிக்கும் இயந்திர மேளம் நிறைவேற்றுகிறது.

தஞ்சைப் பாணி மொழியெல்லையைக் கடந்ததற்கும் பாரியின் குழைவு துணைநின்றது. ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம்–துரைக்கண்ணு சகோதரரிடம் அப்பாணியைப் பயின்று திருவரங்கத்தில் குடியேறினார். 1998இல் சங்கீத கலாநிதியும் ஆனார். ராஜரத்தினத்துக்கு மறுக்கப்பட்டது, அவர் திறந்த வழியில் வந்த தெலுங்கு நாட்டு இசுலாமியர் ஒருவருக்குக் கிடைத்தது. மாற்றத்தின் பயனை மாற்றியவரே அடைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஒலி மாற்றத்தை ஆராயும் மாணவர், கலைஞர் விலைபோனாரா என்று தொடங்குவதைவிட, மாறுவதற்குமுன் அவர் எங்கே நிறுத்தப்பட்டிருந்தார் என்றும், மாறியபின் யாருடைய இருக்கை காலியாயிற்று என்றும் கேட்பது பயன்தரும். முதல் கேள்விக்கு ராஜரத்தினத்தின் வாழ்வு விடை தருகிறது. இரண்டாவதற்கு இசைத்தட்டிலும் விமரிசனத்திலும் விடை தேடிப் பயனில்லை. ஒத்துக் கலைஞரின் பெயர் அங்கே அச்சேறுவதில்லை. நாராயணவனம் போன்ற இருமொழி எல்லைக் கோயில்களின் ஊழிய மானியப் பதிவுகளிலும், எஞ்சியிருக்கும் மேளக்காரக் குடும்பங்களின் நினைவுகளிலும்தான் அதைத் தேட வேண்டும். அக்குடும்பங்களின் முதிய தலைமுறை இருக்கும்போதே அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.