வெப்பநிலையும் வெப்பநிலை வேறுபாடும்: ஒரு வரலாற்று நோக்கு

பினாங்குத் தீவின் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் 1902இல் ஈய உருக்காலை ஒன்றைத் தொடங்கியது. மலாயாத் தமிழர் ஈயம் என்றே வழங்கிய அவ்வுலோகம் வெள்ளீயமாகும். தூய வெள்ளீயம் இயல்பான வளியழுத்தத்தில் உறையும் வெப்பநிலை மாறாதது. ஆதலின், 1990ஆம் ஆண்டின் அனைத்துலக வெப்பநிலை அளவுத்திட்டம் அதனை நிலைப்புள்ளிகளுள் ஒன்றாகக் கொண்டது. அதன் அளவு 231.928 பாகை செல்சியஸ், கெல்வினில் 505.078.

ஒரே வெப்பநிலைக்கு இரண்டு எண்கள் அமைந்தமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1742இல் சுவீடன் நாட்டு வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ், நீர் கொதிநிலையைச் சுழியமாகவும் உறைநிலையை நூறாகவும் கொண்டார்; பின்னர் அவ்வரிசை தலைகீழாக்கப்பெற்றது. 1848இல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) எப்பொருளின் தன்மையையும் சாராத தனி அளவுமுறையை முன்மொழிந்தார். இன்றைய கெல்வின் அளவு தனிச்சுழியத்திலிருந்து, அதாவது -273.15 பாகை செல்சியஸிலிருந்து, தொடங்குகிறது. எனவே இரண்டிற்கும் தொடக்கமே வேறு, படியளவு ஒன்றே.

இவ்வுண்மை வேறுபாட்டைக் கணக்கிடுங்கால் மறக்கப்படுகிறது. உருகிய ஈயம் 250 பாகையிலிருந்து உறைநிலைக்குத் தணிவதாகக் கொள்வோம். செல்சியஸில் வேறுபாடு 18.072. கெல்வினில் 523.15இலிருந்து 505.078ஐக் கழிப்பினும் அதே 18.072 கிட்டும். இருபுறமும் கூட்டிய 273.15 கழித்தலில் நீங்கிவிடுகிறது. இதனை உணராத மாணவர், வாய்பாட்டை மட்டும் நினைந்து, 18.072 உடன் 273.15ஐக் கூட்டி 291.222 கெல்வின் என எழுதுவர். இது சிறு பிழையன்று. வெப்ப ஆற்றலைக் கணக்கிடும்போது விடை பதினாறு மடங்காகப் பெருகிவிடும்.

இக்குழப்பத்தில் மொழிக்கும் பங்குண்டு. 'இருபது பாகை' என்னும் தொடர் ஒரு நிலையையும் குறிக்கும். ஓர் இடைவெளியையும் குறிக்கும். எடை அளவுகளுக்கான அனைத்துலகப் பொதுப் பேரவை 1967இல் 'பாகை கெல்வின்' என்னும் வழக்கை நீக்கிக் 'கெல்வின்' என்றே பெயரிட்டதோடு, வேறுபாட்டையும் அதே அலகால் குறிக்கலாம் எனத் தெளிவுபடுத்தியது. தமிழில் இன்றும் 'பாகை கெல்வின்' என எழுதுவோர் உளர். அதனைத் தவிர்த்தல் வேண்டும். மேலும், நிலையைச் சுட்டுமிடத்து 'வெப்பநிலை' எனவும் இடைவெளியைச் சுட்டுமிடத்து 'வெப்பநிலை வேறுபாடு' எனவும் வேறுபடுத்தி எழுதினால், எங்கே 273.15ஐக் கூட்டவேண்டும், எங்கே கூட்டலாகாது என்பது வினாவிலிருந்தே மாணவர்க்கு விளங்கும்.