இணையச் செல்லப்பிராணி விளையாட்டில் 'பாட்' பயன்படுத்துவது விதிமீறலா? சட்டம் கூறுவது என்ன?

ஹைதராபாத்: இணையத்தில் வளர்க்கும் செல்லப்பிராணிக்கு உணவளிப்பது, அன்றாடப் பரிசைப் பெறுவது, கடைக்கு அரிய பொருள் வந்தவுடன் வாங்குவது ஆகிய வேலைகளை விளையாடுபவருக்குப் பதிலாகத் தானே செய்து முடிக்கும் மென்பொருள் 'பாட்' எனப்படுகிறது. விளையாட்டு நிறுவனத்தைச் சாராத வெளியார் இதனை உருவாக்கி, இலவசமாகவோ விலைக்கோ தருகின்றனர். இதைப் பயன்படுத்துவது விதிமீறலா என்றால், ஏறக்குறைய எல்லா விளையாட்டுகளிலும் ஆம் என்பதே விடை. ஆனால், விதிமீறல் அனைத்தும் குற்றம் ஆகிவிடாது.

1999-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நியோபெட்ஸ்' இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதில் உள்ள கடைகளில் அரிய பொருள்கள் மிகக் குறைந்த எண்ணிக்கையில், எதிர்பாராத நேரத்தில் வந்து சேரும். முதலில் கண்டவர் கடைக்காரரிடம் பேரம் பேசி வாங்கிவிட வேண்டும். தயங்கினால் சில நொடிகளில் தீர்ந்துவிடும். வாங்கிய பொருளை மற்றவர்களுக்குக் கூடுதல் விலைக்கு விற்று விளையாட்டு நாணயம் சேர்க்கலாம். இந்த இடத்தில் பாட் நுழைந்தால், பள்ளி முடிந்து வந்து விளையாடும் சிறுவனுக்கு அரிய பொருள் ஒன்றுகூடக் கிட்டாது. எனவே அவ்விளையாட்டின் விதிகள் இத்தகைய மென்பொருள்களைத் தடை செய்கின்றன. பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும். பல ஆண்டுகள் வளர்த்த பிராணிகளும் சேர்த்த பொருள்களும் அத்துடன் கைவிட்டுப் போகும்.

ஹைதராபாத்தில் மேம்பாட்டு மையம் வைத்துள்ள எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமும் தனது கால்பந்து விளையாட்டின் வீரர் சந்தையில், தானாக வாங்கி விற்கும் பாட்களுக்குத் தடை விதித்துள்ளது. விளையாட்டு வேறானாலும் காரணம் ஒன்றே.

எது பாட், எது வெறும் துணைக்கருவி என்பதில்தான் குழப்பம் எழுகிறது. பக்கத்தின் எழுத்தளவையோ நிறத்தையோ மாற்றும் உலாவி நீட்டிப்பு, விளையாடுபவருக்காக எதையும் செய்வதில்லை. மனிதர் அழுத்த வேண்டிய பொத்தானை மென்பொருள் அழுத்தினால், அது எல்லை கடந்துவிட்டது எனக் கொள்ளலாம். எனினும், சில நிறுவனங்களின் விதிமுறைகள் எந்த வெளி மென்பொருளையும் ஏற்பதில்லை. அவற்றைப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விதிமீறலுக்கும் சட்டமீறலுக்கும் இடையிலான கோட்டை அமெரிக்க நீதிமன்றம் ஒன்று விரிவாக ஆராய்ந்துள்ளது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டுக்கான 'கிளைடர்' என்னும் பாட் குறித்த வழக்கில், 2010 டிசம்பரில் 9-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாட் பயன்படுத்துவோர் ஒப்பந்தத்தை மீறுகின்றனர். அதனாலேயே அது பதிப்புரிமை மீறல் ஆகிவிடாது என்றது. ஆனால், நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருளை ஏமாற்றிக் கடக்கும் கருவியை விற்றது சட்டப்படி தவறு என்றும் கூறியது. தென்கொரியாவோ, இத்தகைய மென்பொருளை உருவாக்கிப் பரப்புவோருக்கு 5 ஆண்டு வரை சிறை அல்லது 5 கோடி வோன் வரை அபராதம் விதிக்கும் சட்டத்தை 2017-இல் நடைமுறைப்படுத்தியது.

இந்தியாவில் விளையாட்டு பாட்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. இணையவழி ஒப்பந்தம் செல்லும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. ஆகவே 'ஏற்கிறேன்' என்று அழுத்திய விதிமுறைகளுக்கு மதிப்பு உண்டு. அதே சட்டத்தின் 43-ஆவது பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினி அமைப்பை அணுகுவதற்கு இழப்பீடு கோர வழிசெய்கிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் அதைச் செய்தால், 66-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சொந்தக் கணக்கில் பாட் மூலம் பிராணிக்கு உணவளிப்பவரை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவருவது எளிதல்ல. பாட் மூலம் குவித்த நாணயத்தை உண்மைப் பணத்துக்கு விற்பவரின் நிலை அப்படியல்ல.

தெலங்கானா 2017-இல் தனது சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, பணம் கட்டி ஆடும் இணைய ரம்மியைத் தடை செய்தது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் பணப்பந்தய விளையாட்டுகளையே தடை செய்கிறது. பந்தயம் இல்லாத செல்லப்பிராணி விளையாட்டு இந்தத் தடைகளுக்குள் வராது.

விளையாடுபவர்களில் பலர் 18 வயது நிரம்பாதவர்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி அவர்கள் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர்கள். எனவே இழப்பீடு கேட்டு அவர்கள் மீது வழக்குத் தொடுப்பது கடினம். கணக்கை முடக்குவதற்கு அது தடையாகாது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

அவர்கள் அஞ்ச வேண்டியது வேறொன்றும் உண்டு. பல பாட்கள் விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறுகின்றன. அதே கடவுச்சொல் மின்னஞ்சலுக்கும் இருந்தால், பாட் எழுதிய முகமறியாதவர் கையில் மின்னஞ்சலும் போய்விடக்கூடும். அப்படி நேர்ந்தால் பாட்டை நீக்கி, வைரஸ் சோதனை செய்த பின்னர், வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற வேண்டும். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.